துத்தியிலையில் இல்லாத பொருள்

பெங்களூர் ரயிலில் ஏறியபோது என் மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி இருந்தது. உள்ளே ஐஸ் பொதிகள், அவற்றுக்கு நடுவே இரண்டு கண்ணாடிக் குப்பிகள். முதல் குப்பியின் அடியில் வெளிர்மஞ்சளாகக் கொஞ்சம் எண்ணெய், ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. இரண்டாவதில் வெல்லப்பாகு காய்ந்துபோனது மாதிரி ஒரு பழுப்புப் பிசின். எதிர் இருக்கை அம்மாள் வெகுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள இன்சுலினாம்மா?"

"இல்லீங்க. துத்தி இலையில இருந்து எடுத்த எண்ணெய்."

"துத்தியா? மூலத்துக்கு நல்லதாச்சே!" என்றவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு நான் சாய்ந்து உட்காரட்டும் என்று தன் தலையணையையும் எடுத்துக் கொடுத்தார். மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலையணை மெத்தென்று இருந்தது.

நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியை. அந்த எண்ணெய் என்னுடையது அல்ல, பவித்ராவுடையது. என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி. மூன்று வருடங்களாகத் துத்தி இலையைப் பறித்து, நிழலில் காயவைத்து, பொடித்து, ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, பிரித்துப் பிரித்து எடுத்தது அது. கிருமி வளர்த்த தட்டில் அதை ஒரு சொட்டு விட்டால் சுற்றிலும் கிருமியில்லாமல் ஒரு வட்டம் தெளிவாகத் தெரிந்தது. கட்டிக்குத் துத்தி இலையை வதக்கிக் கட்டுவதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். ஆனால் அந்த இலையில் எந்த மூலக்கூறு அந்த வேலையைச் செய்கிறது? ஆடாதொடையின் பின்னால் வாசிசின் இருக்கிறது, நிலவேம்பின் கசப்புக்குப் பின்னால் ஆண்ட்ரோகிராஃபோலைடு இருக்கிறது. துத்திக்கும் அப்படி ஒரு பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நம்பினோம். பவித்ராவின் பெயரை முதலில் போட்டு ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரையும் அனுப்பியாகிவிட்டது. அதன் அமைப்பை உறுதிசெய்யும் என்.எம்.ஆர். வரைபடம் மட்டும்தான் பாக்கி. எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் பெரிய காந்த இயந்திரம் அது. எங்கள் கல்லூரியில் இல்லை. பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையத்தில் வெளியாட்களுக்கும் செய்து கொடுக்கிறார்கள்.

காலையில் பெங்களூரில் இறங்கியதும் குளிர் கன்னத்தில் தட்டியது. திண்டுக்கல்லில் அந்த மாதத்தில் மின்விசிறி நின்றால் தூக்கம் கலைந்துவிடும். இங்கே ஆட்டோக்காரர்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். என்னை ஏற்றிக்கொண்டவர் பெயர் அமீன். வீட்டில் உருது, தெருவில் தமிழ், போலீஸ்காரரிடம் கன்னடம் என்று மூன்றையும் கியர் மாற்றுவது போல மாற்றினார். ஒக்கலிபுரத்தைத் தாண்டுவதற்குள் வண்டி இருமி இருமி நின்றது. கேஸ் தீர்ந்துவிட்டது.

நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐஸ் பொதிகள் தண்ணீராகிக்கொண்டிருந்தன. என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

"பேஜார் ஆவாதீங்க மேடம். இதுல இன்னா, மருந்தா?"

"மருந்தாகலாம். இன்னும் தெரியாது."

"அப்ப கெட்டுப்போவக் கூடாதுல்ல. ஏக் மினிட்."

சாலையைக் குறுக்கே தாண்டி ஒரு ஜூஸ் கடைக்கு ஓடினார். இரண்டு கை நிறைய ஐஸ் கட்டிகளோடு திரும்பி வந்து, தன் கைக்குட்டையில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கினார். பிறகு நடுச்சாலையில் நின்று, போகிற ஆட்டோக்களில் தெரிந்த முகத்தைத் தேடிப் பிடித்து, என்னை ஏற்றிவிட்டு, "மேடம் கையில மருந்து இருக்கு, குண்டு குழியில விடாத" என்று அந்த ஓட்டுநருக்கு எச்சரிக்கையும் செய்தார். கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்க நினைத்தபோது வண்டி நகர்ந்துவிட்டது.

நிலையத்தில் என்னைப் பார்த்துக்கொண்டவர் செலின். முப்பத்தைந்து வயதிருக்கும். வெட்டிய முடி, வெள்ளைக் கோட்டு, கழுத்திலும் கையிலும் ஒரு பொட்டு உலோகம் கிடையாது. "வாட்ச், போன், கார்டு எல்லாம் அந்த டப்பால போட்டுட்டு வாங்க மேடம். உள்ள மேக்னெட்" என்றார். நான் தமிழ் என்று பெயரைப் பார்த்ததுமே ஆங்கிலத்தை விட்டுவிட்டார். ரிச்சர்ட்ஸ் டவுனில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பமாம். இரண்டு குப்பிகளையும் வாங்கி எண் ஒட்டினார்.

"ரெண்டையும் போடணுமா?"

"முதல் குப்பி போதும். ரெண்டாவது சும்மா வந்தது. இலையை மெத்தனால்ல ஊறவச்சு எடுத்த கழிவு. பவித்ரா விடமாட்டேன்னு சேர்த்து வச்சு அனுப்பிட்டா."

"சரி மேடம். நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க."

அங்கிருந்து பொம்மனஹள்ளிக்கு வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது. அதில் ஒரு மணி நேரம் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஒரே விளம்பரப் பலகையைப் படித்தபடி. பொம்மனஹள்ளியில் என் சித்தி மகள் விஜயா இருக்கிறாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவள் கணவர் அருளுக்குச் சர்க்கரை. "வரும்போது சிறுகுறிஞ்சான் கொண்டு வாக்கா" என்று கேட்டிருந்தாள், ஒரு பை நிறையக் கொண்டுபோயிருந்தேன்.

சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி மூன்று மாடிக்கும் பரவிவிட்டது. தமிழும் கன்னடமும் பேசிக்கொண்டு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். இந்த இலை தின்றால் மாத்திரையை நிறுத்தலாமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

"மாத்திரையை யாரும் நிறுத்தக் கூடாது" என்றேன். "இலையில என்ன இருக்குன்னு வேணும்னா உங்க நாக்குலயே காட்டுறேன்."

ஆளுக்கொரு இலையை ஒரு நிமிடம் மெல்லச் சொல்லிவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரை கொடுத்தேன். அருள் வாயில் போட்டதும் முழித்தார்.

"என்னக்கா இது, மண்ணு மாதிரி இருக்கு!"

"இலையில ஜிம்னீமிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு. நாக்குல இனிப்பு உட்காருற நாற்காலியில அது முன்னாடியே போய் உட்கார்ந்துக்கும். கொஞ்ச நேரத்துல எழுந்து போயிடும். நாக்குல இவ்வளவு தெளிவா வேலை செய்யுது. ரத்தத்துல எவ்வளவு செய்யும், எந்த அளவு குடுக்கணும்ங்கறது வேற கேள்வி. அதை டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும்."

பக்கத்து வீட்டுப் பெண் வேகமாகப் போய் அரைக்கிலோ மைசூர்பாகு கொண்டுவந்தாள். எல்லோரும் ஒவ்வொரு துண்டு வாயில் போட்டு, நெய் மட்டும் தெரிகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்கு நான் மிகவும் பெருமையாக இருந்தேன். செடிக்குள் இருக்கும் பொருளைத் தெரிந்தவள் என்ற பெருமை.

மறுநாள் பதினோரு மணிக்குச் செலினின் மேசை முன்னால் உட்கார்ந்தேன். வரைபடத் தாள்கள் அவர் கையில் இருந்தன, ஆனால் நீட்டவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்காதீங்க. சாம்பிளை எதுல வெச்சிருந்தீங்க?"

"குப்பியிலதான்."

"குப்பிக்கு முன்னாடி?"

"ஏன் கேக்கறீங்க?"

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப சுத்தமா வந்திருக்கு. ஒரே பொருள்தான். ஆனா இது செடியோடது இல்ல மேடம். தாலேட். பிளாஸ்டிக்கை வளையற மாதிரி பண்ணச் சேப்பாங்கல்ல, அந்த எண்ணெய். மூலக்கூறோட எடை பாக்கற இன்னொரு மெஷின்லயும் போட்டுப் பாத்தேன். நூத்தி நாப்பத்தொம்போதுல பெரிய பீக் நிக்குது. அது வந்தாலே தாலேட்தான்."

சுருக்கென்று கோபம் வந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால்கூட அப்படிக் கோபம் வந்திருக்காதோ என்னவோ. என்னைவிட வயதில் சின்னவர், இயந்திரத்தை இயக்குபவர், முனைவர் பட்டம் இல்லாதவர். இதையெல்லாம் நான் நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். வாயிலும் வந்துவிட்டது.

"பிரிண்ட் எடுத்துக் கொடுக்கறதுதானே உங்க வேலை? அர்த்தம் நாங்க பாத்துக்கறோம்."

செலின் தாள்களை அடுக்கி, கிளிப் போட்டு, என் பக்கம் தள்ளினார். "சரி மேடம்" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்து எதிரே நின்ற பேருந்தில் ஏறிவிட்டேன். எண்ணைப் பார்க்கவில்லை. பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வேதியியல் கற்றுக்கொடுப்பவள்தானே நான். கோடுகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்த ஐந்தாவது நிமிடம் தெரிந்துவிட்டது. செலின் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. ஆய்வகத்தில் எங்கள் ஹெக்ஸேன் ஒரு பிளாஸ்டிக் கேனில்தான் கிடக்கிறது. அதிலிருந்து குடுவைக்கு இழுப்பது ஒரு வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் ட்யூப் வழியாக. அந்த ட்யூபை வாங்கி வந்தது நான்தான்.

நிமிர்ந்து பார்த்தபோது பேருந்து எனக்குத் தெரியாத ஏதோ ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தது. நடத்துனர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் "பொம்மனஹள்ளி" என்றதும் பேருந்தே சிரித்தது. நேர் எதிர்த்திசை. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. கன்னடத்தில் பேசினார். பாதி புரிந்தது. அழாதே, கடைசி நிறுத்தத்தில் இறங்கி இதே வண்டியில் திரும்பிவிடலாம், நான் கூட இருக்கிறேன் என்றார். அப்போதுதான் என் கன்னம் நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது. கடைசி நிறுத்தத்தில் ஒரு தள்ளுவண்டியில் தட்டு இட்லி வாங்கிக் கொடுத்தார். சாம்பார் இனித்தது. மற்ற நாளாக இருந்தால் குறை சொல்லியிருப்பேன். அன்று வழித்துச் சாப்பிட்டேன்.

அங்கே நின்றபடியே பவித்ராவுக்கு போன் செய்தேன். மூன்று வருட உழைப்பு வீண் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"மேடம்" என்றாள், "இலையே இல்லாம ஒரு தடவை போட்டுப் பாத்துரட்டுமா? கேன்ல இருக்கற ஹெக்ஸேனை அதே ட்யூப்ல இழுத்து, சுண்ட வச்சு, தகட்டுல நம்ம எண்ணெய் பக்கத்துலயே புள்ளி வச்சுப் பாக்கறேன். ரெண்டும் ஒண்ணுன்னா ஒரே உயரத்துக்கு ஏறும். நம்மளே பாத்துட்டா மனசு அடங்கிரும்ல."

"முதல்லயே நான் சொல்லியிருக்கணும் பவித்ரா. ட்யூப் வாங்குனது நான்."

"அதை அப்புறம் பேசிக்கலாம் மேடம். சாப்ட்டீங்களா?"

மூன்றாம் நாள் காலை நிலையத்துக்குப் போனேன். யாரும் வரச் சொல்லவில்லை. செலின் இன்னும் வரவில்லை என்றார்கள். வாசலில் மழைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தபோது பவித்ராவின் படம் வாட்ஸப்பில் வந்தது. வெள்ளைத் தகடு, அதில் இரண்டு புள்ளிகள் ஏறியிருந்தன. இடப்புறம் எங்கள் 'துத்தி எண்ணெய்'. வலப்புறம் இலையே படாத ஹெக்ஸேன். இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே வடிவத்தில், இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன. கீழே அவள் எழுதியிருந்தது ஒரே வரி: "அவங்க சொன்னது சரிதான் மேடம்."

செலின் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்தார். என்னைக் கண்டதும் நடை தயங்கியது.

"நேத்து நான் பேசினது ரொம்பத் தப்பு" என்றேன். "மன்னிச்சிருங்க." போனை நீட்டினேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஒரே நாள்ல பண்ணிட்டாங்களா? யாரு மேடம் இந்தப் பொண்ணு?"

"அவதான் பவித்ரா. ரெண்டாவது குப்பியையும் வச்சு அனுப்புனவ."

"அது எதுல வெச்சிருந்தாங்க?"

நான் யோசித்தேன். மெத்தனால் சாறு கறை பிடிக்கும் என்று பவித்ரா அதை ஆரம்பத்திலிருந்தே ஒரு பழைய கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தாள். அந்த ட்யூபும் அதில் படவில்லை. வடிகட்டி ஊற்றியதெல்லாம் கண்ணாடிப் புனலில். தட்டில் சோதித்தபோது வட்டம் சின்னதாக வந்ததால் நான்தான் அதை ஓரம் கட்டச் சொல்லியிருந்தேன். அதைச் சொன்னதும் செலின் கோட்டை மாட்டிக்கொண்டார். "ஒரு ஸ்லாட் கேன்சல் ஆகியிருக்கு. வாங்க" என்றார்.

மதியம் வரை காத்திருந்தேன். திரையில் கோடுகள் ஏறத் தொடங்கியபோது அது சுத்தமாக இல்லை. ஒரே குப்பை மேடு போல நெருக்கமான கோடுகள். என் மனம் மறுபடி இறங்கியது. ஆனால் செலின் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். விரலால் காட்டினார்.

"இங்க பாருங்க, சர்க்கரைக் கூட்டம். இங்க ஃப்ளேவனாய்டு, செடிதான் அதைப் பண்ணும். குவெர்சிட்டின் மாதிரி இருக்கு, ஒரு சர்க்கரையோட கட்டிக்கிட்டு நிக்குது. கலப்படமா இருக்கு, இன்னும் பிரிக்கணும். ஆனா மேடம், இதுல செடி இருக்கு."

குவெர்சிட்டின் புதிய பொருள் அல்ல. வெங்காயத் தோலில்கூட இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது? முந்தின நாள் வரை எங்களிடம் புதியதாக ஒன்று இருந்தது. இன்றைக்கு இருப்பது பழையது, ஆனால் நிஜமானது.

அன்று சாயங்காலமே ஆய்விதழுக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதிவிட உட்கார்ந்தேன். அதற்குள் பவித்ராவே போன் செய்தாள். "நான் எழுதறேன் மேடம். முதல் பேரு என்னோடதுதானே." அவள் எழுதியதில் ட்யூப் வாங்கியது யார் என்பது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 'நாங்கள்' என்றே முழுவதும் எழுதியிருந்தாள். விஜயா அதை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "எங்க கம்பெனில ஆயிரம் பீஸ் தப்பாத் தச்சா யாரு தலையில போடலாம்னுதான்க்கா மொத நாள் பூரா போவும்" என்றாள்.

நான்காம் நாள் சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குச் செலின் என்னை ரிச்சர்ட்ஸ் டவுனில் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். பெரிய மரங்கள் கவிந்த அமைதியான தெரு. மஞ்சள் தேங்காய்ச் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் செய்திருந்தார். எங்கள் ஊர்ப் பிரியாணியைத் தவிர வேறு எதையும் அவ்வளவு எளிதில் புகழாதவள் நான். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டேன். "அன்னைக்கு சொல்றதுக்கு முன்னாடி கதவைப் பாத்தீங்களே, ஏன்?"

செலின் தண்ணீர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். போன வருடம் ஒரு பேராசிரியர் இதே தாலேட்டோடு வந்தாராம். செலின் அதை எடுத்துச் சொன்னதற்கு, முடிவுகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல இவருக்கு அதிகாரம் இல்லை என்று மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டுவிட்டார். இவருக்கு மெமோ வந்தது. இனிமேல் வரைபடத்தைத் தவிர எதுவும் பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

"அப்புறமும் ஏன் என்கிட்ட சொன்னீங்க?"

"ரெண்டு நாள் யோசிக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க அந்தப் பெட்டிய வெச்சிருந்த விதம் பாத்தேன். யாரோ கைக்குட்டையெல்லாம் சுத்தி, ஐஸ் போட்டு. பிளாஸ்டிக் எண்ணெய்க்குப் போய் ஐஸ்! சிரிப்பும் வந்துச்சு, கஷ்டமாவும் இருந்துச்சு. நீங்க அதைக் கொண்டுபோய் அச்சுல போட்டு, அப்புறம் யாராவது கண்டுபிடிச்சா அந்தப் பொண்ணு என்ன ஆவான்னு தோணுச்சு. அவ்ளோதான் மேடம்."

நான் அவரிடம் சொன்ன வாக்கியம், அந்த மெமோவின் வாக்கியமேதான்.

அவர் வேலை செய்யும் பிரிவின் தலைவருக்கு எழுதுகிறேன் என்றேன். "வேண்டாம் மேடம், விட்டுடுங்க" என்று பதறினார். நான் விடவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் கல்லூரித் தாளில் நடந்ததையெல்லாம் எழுதினேன். நான் கோபப்பட்டதையும் சேர்த்து. உங்கள் செலின் வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு பொய் எங்கள் பெயரில் அச்சாகியிருக்கும், அதைப் படித்து இன்னும் பத்துப் பேர் துத்தியில் இல்லாத பொருளைத் தேடியிருப்பார்கள் என்று எழுதினேன். பவித்ராவும் கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மேலும் ஆறு மாதம் கிடைத்தது. தட்டில் தெரிந்த அந்தப் பெரிய வட்டம் எப்படி வந்தது என்பதையும் கண்டுபிடித்தாள். எண்ணெயைக் கரைக்க நாங்கள் சேர்த்த கரைப்பானின் அளவே கிருமியைக் கொல்லப் போதுமாக இருந்திருக்கிறது. இப்போது கண்ணாடியில் மட்டுமே வேலை செய்கிறாள். இலையில்லாத சோதனையைத்தான் ஒவ்வொரு முறையும் முதலில் போடுகிறாள். பழுப்புப் பிசினிலிருந்து வரும் வட்டம் சின்னதுதான், ஆனால் எத்தனை முறை போட்டாலும் வருகிறது.

போன வாரம் செலினிடமிருந்து போன்.

"மேடம், உங்க லெட்டருக்கு அப்புறம் சாம்பிள் குடுக்கற ஃபார்ம்ல ஒரு லைன் சேத்துட்டாங்க. ஆபரேட்டரோட கருத்து வேணுமான்னு. வேணும்னு டிக் அடிச்சா நான் பேசலாம்."

"யாராவது அடிக்கறாங்களா?"

"நேத்து ஒருத்தர் வந்தாரு, வேப்பம்பூ சாம்பிள். டிக் அடிச்சிருந்தாரு. பாத்தா அதே நூத்தி நாப்பத்தொம்போது. சொன்னேன்."

"திட்டலையா?"

"திட்டுனாரு. நல்லாவே திட்டுனாரு." அவர் சிரித்தார். "அப்புறம் மத்தியானம் ரெண்டு டீ வாங்கிட்டு வந்து எதிர்ல உக்காந்து, இலை இல்லாம எப்படிப் போட்டுப் பாக்கறதுன்னு கேட்டாரு மேடம்."